'பாத்துக்கலாம்' என்பதற்கு எழுவாய் யார்?

1

எங்கள் லாரி நிலையத்தில் இந்த வாரம் கேக் வெட்டினார்கள். ஆண்டுக்கொரு முறை நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி முடிந்த அன்று இங்கே அப்படி ஒரு வழக்கம். கேக்கின் மேல் வெள்ளைச் சர்க்கரைப் பாகால் ஒரு சங்கிலி வரைந்திருந்தார்கள். மேலாளர் அதில் ஒரு கண்ணியை வெட்டி, காகிதத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டி, "இது உன்னுடையது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆவடி பக்கத்தில் என் தம்பி தயாளனின் ட்ரெய்லரிலிருந்து இரும்புச் சுருள் உருண்டு விழுந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவனுக்கு யாரும் கண்ணி கண்ணியாக வெட்டித் தரவில்லை. முழுச் சங்கிலியையும் அவன் ஒருவன் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு, நம் ஊரில் எல்லாம் குப்பை என்று எழுதுகிறவள் அல்ல நான். அப்படி எழுதுபவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் கோபம் ஒரு வருடமாகியும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலை. மெல்பர்ன் நகரத்தின் மேற்குப் புறநகரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். எந்தச் சரக்கு, எந்த லாரி, எந்த ஓட்டுநர், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்பவள் நான். சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், இதை 'புக்கிங் பாக்குறது' என்பார்கள். அங்கே போல இங்கேயும் ஒரு நாற்காலி, இரண்டு தொலைபேசி, எப்போதும் அவசரத்தில் இருக்கும் வாடிக்கையாளர்கள். வித்தியாசம் நாற்காலியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

இங்குள்ள கனரக வாகனச் சட்டத்தில் 'பொறுப்புச் சங்கிலி' என்று ஒன்று உண்டு. சரக்கை அனுப்புகிறவர், அதைக் கட்டுகிறவர், வண்டியில் ஏற்றுகிறவர், நேரம் குறித்துக் கொடுக்கிறவர், வண்டியின் முதலாளி, கடைசியில் இறக்கிக்கொள்கிறவர் என்று அத்தனை பேரும் அந்தப் பயணத்தின் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பு. ஓட்டுநர் தூங்கிப்போய் விபத்து நடந்தால், "இவர் எத்தனை மணிநேரம் ஓய்வெடுத்திருந்தார் என்று தெரிந்துதான் அனுப்பினாயா?" என்று என் நாற்காலிக்கும் கேள்வி வரும். "ஏன் இன்னும் வரவில்லை?" என்று மிரட்டி அவசரப்படுத்திய வாடிக்கையாளருக்கும் கேள்வி வரும். நான் சொன்னது யாருக்கும் தெரியாது என்று தப்பிக்கவும் முடியாது, நான் சொல்லவே இல்லை என்று தப்பிக்கவும் முடியாது. தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் இருந்ததே குற்றம்.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இங்கேயும் நெடுஞ்சாலைகளில் போதிய பேர் செத்த பிறகுதான் வந்தது. இன்றும் அதில் ஓட்டை தேடும் முதலாளிகள் உண்டு. ஆனாலும் சட்டம் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. டேரன் என்ற ஓட்டுநர் வழியிலிருந்து அழைத்தார். பாரத்தைக் கட்டியிருந்த பட்டைகளில் ஒன்று நைந்துவிட்டது, மாற்றுப் பட்டை இல்லை என்றார். வாடிக்கையாளர் மறுமுனையில் கத்திக்கொண்டிருந்தார். நான் சென்னை வழக்கத்தில், "ப்ளீஸ் அட்ஜஸ்ட், டேரன்" என்றேன். சமாளித்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்பது நம் ஊர்ப் பொருள். டேரன் வண்டியை ஓரங்கட்டினார். பாரத்தை அவிழ்த்து, சரிசெய்து, நிலையத்திலிருந்து புதுப் பட்டை வரவழைத்து, கட்டி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் மேலாளர் எல்லோர் முன்னும் என்னைப் பாராட்டினார். நான் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு பொருள் என்று அவரிடம் விளக்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "அட்ஜஸ்ட் என்றால் வேறு என்ன பொருள் இருக்க முடியும்?" என்று கேட்டார்.

அதே சொல்தான். இங்கே அதற்குச் சரிசெய் என்று பொருள். நம் ஊரிலோ சரியில்லை என்று தெரிந்தும் போ என்று பொருள்.

3

நாங்கள் வளர்ந்தது ஆவடியில், படைத்துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா அங்கே கிரேன் ஓட்டினார். அவருடைய கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. பாரத்துக்குச் சங்கிலி மாட்டியவர், கீழே நின்று பாதை பார்ப்பவர், மேற்பார்வையாளர் என்று மூன்று பேரும் கை தூக்கினால்தான் அப்பா கொக்கியை மேலே தூக்குவார். ஒரு கை குறைந்தாலும் பாரம் தரையை விட்டு எழும்பாது. வீட்டில் பீரோவை நகர்த்தும்போதுகூட அம்மா, நான், தயாளன் மூவரும் கை தூக்க வேண்டும். தயாளன் வேண்டுமென்றே கையைத் தூக்காமல் நின்று அப்பாவை வெறுப்பேற்றுவான். அப்பாவும் பீரோவைத் தொடாமல் நின்றுகொண்டிருப்பார். அம்மாதான் கடைசியில் தயாளன் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள்.

தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே இருந்த அந்த வழக்கம் வாசலைத் தாண்டி ஓரடிகூட வெளியே வரவில்லை.

அப்பா ஓய்வு பெற்றுச் சேக்காட்டில் வீடு கட்டியபோது தொழிற்சாலையில் புது ஆள் எடுப்பது குறைந்திருந்தது. தயாளன் கனரக ஓட்டுநர் உரிமம் வாங்கினான். அவனோடு படித்த ஏழுமலை, எங்கள் அடுத்த தெரு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் தயாளனை அங்கே ட்ரெய்லரில் ஏற்றிவிட்டான். அந்த நன்றியை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

விபத்து நடந்தது காலையில். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கிடங்கிலிருந்து இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்றை அம்பத்தூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும். சுருள் என்றால் கிணற்று உறையைப் படுக்க வைத்தது மாதிரி இருக்கும், உள்ளே காற்றுக்குப் பதில் இரும்பு. அதைக் குறுக்கும் நெடுக்கும் சங்கிலி போட்டுக் கட்டி, இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். அன்றைக்குச் சங்கிலி இல்லை. இன்னொரு வண்டியில் போய்விட்டிருந்தது. கிடங்கு மேற்பார்வையாளர் அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டேதான் வாசல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். தயாளன் ஏழுமலையை அழைத்தான். ஏழுமலை சொன்ன பதிலைத் தயாளன் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான், ஒரு சொல்லும் மாறியதில்லை.

"செயின் அந்த வண்டில போய்ட்ச்சுடா. பெல்ட்டு போட்டுகினு மெதுவா வா. கம்பெனிக்காரன் போன் மேல போன் போட்டுகினு கீறான், மெஷின் நிக்குதாம். லாரிக்கு நோ என்ட்ரி டைம் ஆவறதுக்குள்ள தாண்டிடு. மத்தத பாத்துக்கலாம்."

ஆவடி சாலையில் ஒரு திருப்பத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நின்றது. தயாளன் பிரேக்கை மிதித்தான். ஆட்டோவில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். சுருள் பெல்ட்டை அறுத்துக்கொண்டு பக்கவாட்டில் உருண்டு, பெட்டிக்கடை முன்னால் தன் வண்டியை நிறுத்திவிட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த பன்னீர் என்பவரின் கால்மேல் விழுந்தது. உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

4

முதல் தகவல் அறிக்கையின் படத்தைத் தயாளன் எனக்கு அனுப்பினான். "மேற்படி ஓட்டுநர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்று இருந்தது.

அந்தச் சாலையை அறிந்தவர்கள் சொல்லட்டும். காலை வேளையில் பள்ளி வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் தண்ணீர் லாரிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும் அந்த இடத்தில் எவன் அதிவேகமாகப் போக முடியும்? நடந்து போகிறவர்கள் ட்ரெய்லரை முந்திக்கொண்டு போவார்கள். ஆனால் அந்தத் தொடர் ஆயத்தமாக இருக்கிறது. மாட்டு வண்டி கவிழ்ந்தாலும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்றுதான் எழுதுவார்கள் போலிருக்கிறது. நான் பள்ளியில் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவள். அந்த நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்று தேடினேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மேற்படி ஓட்டுநர்.

சங்கிலி இல்லாமல் சுருளை ஏற்றியவர் இல்லை. சரியாகக் கட்டாத பாரத்துக்கு வாசல் சீட்டுக் கொடுத்தவர் இல்லை. 'மெஷின் நிக்குது' என்று விரட்டிய கம்பெனி இல்லை. ஒரே செட் சங்கிலியை இரண்டு வண்டிக்கு வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் முதலாளி இல்லை. ஏழுமலை இல்லை. இவர்களில் ஒருவர்கூட அந்தக் காகிதத்துக்குள் நுழையவில்லை. சாட்சியாகக்கூட இல்லை.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். தேடிப் படித்தேன். அதிக எடை ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்லும்போது மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் சொல்கிறது. அந்த இரண்டு சொற்களும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தத்தான் கை வருவதில்லை. நஷ்டஈடு வேறு வழக்கு, காப்பீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் முதலாளி. காலுக்குக் காப்பீடு உண்டு. குற்றத்துக்குத் தயாளன் உண்டு. மற்றவர்கள் மறுநாள் காலை வழக்கம்போலக் கடை திறந்தார்கள்.

என் தம்பி குற்றமற்றவன் என்று நான் எழுதவில்லை. சங்கிலி இல்லை என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் வண்டியை எடுத்தான். ஆனால் தெரிந்தவர்கள் பலர் இருக்க, கூண்டில் நிறுத்தப்பட்டவன் ஒருவன் என்றால் அதை நீதி என்று சொல்ல என் வாய் வராது.

5

என் மகள் தாரிணிக்குப் பதினேழு வயது. வண்டி ஓட்டப் பழகுகிறாள். பழகுகிறவர் என்று காட்டும் மஞ்சள் அட்டை ஒட்டிய காரை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு போவேன். அவளுடைய தமிழ், சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போவதில்லை. அதிலும் ஒரு பிழை அவளிடமிருந்து போகவே இல்லை. "அம்மா, நாங்க கடைக்குப் போலாமா?" என்பாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள். அப்படியானால் 'நாம' என்று சொல்ல வேண்டும் என்பேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே? இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை" என்பாள்.

ஒன்றில்லை. 'நாம' என்றால் கேட்கிறவரும் உள்ளே. 'நாங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. அவ்வளவு சின்ன மாற்றத்தில் ஒருவரை வீட்டுக்குள் அழைக்கவும் முடியும், முகத்தில் கதவைச் சாத்தவும் முடியும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

விபத்து நடந்த வாரம் தயாளனின் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தேன். சமையலறையில் வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். ஆயுத பூஜையன்று ஓட்டுநர்களை வரிசையாக நிறுத்திப் பொரியும் இனிப்பும் கொடுத்து, "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசுவாராம், தயாளன் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய தமிழ் வேறு. "நாங்க என்னம்மா பண்ண முடியும்? வண்டி ஓட்டினது அவரு. நாங்க வேணும்னா வக்கீல் வெச்சுத் தர்றோம்" என்றார்.

தாரிணி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை தூக்காமலே, "அம்மா, அவருக்கும் 'நாம'ன்னு சொல்லிக் கொடு" என்றாள்.

பதினேழு வருடங்களில் அவள் பேசிய மிகச் சிறந்த தமிழ் வாக்கியம் அதுதான்.

6

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வழக்கு பூந்தமல்லி நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. முதலாளி வைத்துக் கொடுத்த வக்கீலின் திட்டம் எளிமையானது. தயாளன் குற்றத்தை ஒப்புக்கொள்வான், அபராதம் கட்டப்படும், வழக்கு அன்றே முடியும். உரிமத்துக்கு வரும் சிக்கலை முதலாளி சரிசெய்து கொடுப்பார். அவனுக்கென்று ஒரு புது ட்ரெய்லர் காத்திருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த எஸ்டேட்டில் அவனுக்கு வண்டி கொடுக்க ஆள் இருக்காது. அதையும் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்கள்.

கொரட்டூரில் இருக்கும் ஒரு பெண் வழக்கறிஞரை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை இங்கே எளிதாகச் சொல்கிறேன். தயாளன் ஒப்புக்கொண்டால் விசாரணையே இருக்காது. விசாரணை இல்லையென்றால் சங்கிலி எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவன் மறுத்தால் சாட்சிகள் வருவார்கள். சாட்சியத்தில் வேறு யாருக்காவது பங்கு இருப்பது தெரியவந்தால், அவர்களையும் வழக்கில் சேர்க்க நீதிமன்றத்தால் முடியும். முடியும் என்றுதான் சொன்னார், நடக்கும் என்று சொல்லவில்லை. ஆக, கூண்டில் தயாளன் சொல்லப்போகும் ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

ஏழுமலையைப் பார்க்க அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். சுவரில் வெள்ளைப் பலகை, அதில் வண்டி எண்களுக்கு எதிரே ஓட்டுநர்களின் பெயர்கள். ஒரு எண்ணுக்கு எதிரே மட்டும் பெயர் அழிக்கப்பட்டு நீலக் கறை இருந்தது. ஏழுமலை எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீயும் பன்னும் வரவழைத்தான்.

"இன்னாக்கா, ஆஸ்திரேலியாவுல நீயும் என் வேலதான் பாக்குறியாமே? அவ்ளோ படிச்சிட்டு இதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்றான்.

அங்கே இந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கும் தண்டனை உண்டு என்றேன்.

"அய்யய்யோ. அப்ப நான் ஸ்டூல்ல குந்திக்கிறேன்" என்று எழுந்துகொள்வதுபோலப் பாவனை செய்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், கோபமாக இருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவான்.

பிறகு நேராகக் கேட்டேன். அன்றைக்குத் தொலைபேசியில் என்ன சொன்னாய் என்று நீதிமன்றத்தில் வந்து சொல்வாயா?

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நான் கட்டாம ஓட்டுன்னு சொன்னேனாக்கா? பாத்துக்கலாம்னுதான சொன்னேன்."

"யார் பாத்துக்கிறது, ஏழுமலை?"

"இன்னாக்கா இது, ஸ்கூல் டீச்சராட்டம் கேக்குற. அது ஒரு பேச்சுக்கா. பாத்துக்கலாம்னா பாத்துக்கலாம்தான். அதுக்குத் தனியா ஆளு வேற வெக்கணுமா?"

அவன் சொன்னது இலக்கணப்படி சரி. 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற வினைக்குள் ஆள் கிடையாது. நான் என்றும் இல்லை, நீ என்றும் இல்லை, நாம் என்பதுபோல ஒரு தோற்றம் மட்டும் இருக்கும். கேட்கிறவனுக்கு முதுகில் யாரோ கை வைத்தது போலத் தெம்பு வரும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நம் ஊரில் எத்தனை லாரிகள் இந்த ஒரு சொல்லின் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

வழியனுப்ப மாடிப்படி வரை வந்தவன், "அவன ஆமான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுக்கா. அதோட முட்ஞ்சிது. நான் கெட்டவன் இல்ல" என்றான். கெட்டவன் இல்லைதான். இந்தச் சங்கிலியில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. அதுதான் இதில் எனக்குப் பொறுக்காத விஷயம்.

வீட்டில் தயாளன் ஒப்புக்கொள்வது என்ற முடிவில் இருந்தான். நான் எஸ்டேட்டுக்குப் போய்வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ பேசிட்டு பிளேன் ஏறிடுவக்கா. நான் இங்கதான் கீறேன்" என்றான் தயாளன்.

அப்போது அவன் சொன்ன 'நான்' என் காதில் 'நாங்க' என்று விழுந்தது. கதவுக்கு வெளியே நின்றவள் நான்.

7

நீதிமன்றம் போக வேண்டியதற்கு முந்தின நாள், பன்னீரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தயாளனே சொன்னான். அதற்கு முன் ஒரு தடவை மருத்துவமனைக்குப் போய், வாசலிலிருந்தே திரும்பிவிட்டிருந்தான். அண்ணனூரில் ரயில் பாதைக்கு அருகே அவர் வீடு. ரயில் பெட்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஒப்பந்த வேலையில் இருந்தவர். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடக்கிக் கட்டிய வேட்டிக்குக் கீழே ஒரு கால் மட்டும் தொங்கியது. அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார், கடைசிவரை வெளியே வரவில்லை.

பன்னீர் கத்துவார், கை நீட்டுவார் என்று எதிர்பார்த்துத் தயாளன் தலை குனிந்து நின்றான். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அத்த சரியா கட்டலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணே."

"வேற யாருக்குத் தெரியும்?"

தயாளன் ஒவ்வொருவராகச் சொல்லி விரல்களை மடக்க ஆரம்பித்தான். சுருளை ஏற்றிய கிரேன்காரர். கிடங்கு மேற்பார்வையாளர். ஏழுமலை. முதலாளி. பிறகு கொஞ்சம் யோசித்து, விரட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்காரர். கை மூடிக்கொண்டது.

பன்னீர் அந்த மூடிய கையைப் பார்த்தார்.

"அப்ப அவங்கள்லாம் எங்கப்பா? நீ மட்டும் வந்து நிக்கிற."

திரும்பி வரும்போது ஆட்டோவில் தயாளன் மூடிய கையை மடியில் வைத்தபடியே வந்தான்.

மறுநாள் நீதிமன்றத்தில் ஏழுமலையும் வந்திருந்தான். வழக்கு முடிந்ததும் முதலாளிக்குத் தகவல் சொல்ல அனுப்பியிருப்பார்கள். தயாளனின் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்டார். முதலாளியின் வக்கீல் தயாளனைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார்.

"ஓட்டுனது நான்தாங்கய்யா" என்றான் தயாளன். "சரியா கட்டாத லோடுன்னு தெரிஞ்சேதான் ஓட்டுனேன். ஆனா தெரிஞ்சது எனக்கு மட்டும் இல்ல. அவங்களையும் இங்க நிக்க வெச்சுக் கேளுங்க. என் பங்க நான் ஒத்துக்கறேன்."

நடுவர் பொறுமையாகவே, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்றார். பங்கு என்பதை எழுத அங்கே இடம் இல்லை. முழுவதும் ஒப்புக்கொள்ளலாம், அல்லது முழுவதும் மறுக்கலாம்.

"அப்ப இல்லீங்கய்யா" என்றான்.

குற்றத்தை மறுக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் அன்றைக்கு எல்லோரிலும் அதிகமாக ஒப்புக்கொண்டவன் அவன்தான். பதிவில் அவன் மறுத்தவன்.

8

அதன்பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதே. தயாளனுக்கு ட்ரெய்லர் போயிற்று. எஸ்டேட்டில் வேறு எவரும் வண்டி கொடுக்கவில்லை. இப்போது கொரட்டூரில் ஒருவருடைய சின்ன யானை மினி லாரியில் தண்ணீர் கேன் போடுகிறான். ஒவ்வொரு நாளும் கேன்களைக் கயிற்றால் கட்டும்போது பக்கத்தில் நிற்பவர்களைக் கை தூக்கச் சொல்கிறானாம், தெருவில் கேலி செய்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். கேலி செய்யட்டும்.

வழக்கு ஒத்திவைப்பில் ஒத்திவைப்பாக நகர்ந்தது. ஒரு தடவை சாட்சி வரவில்லை, ஒரு தடவை வக்கீல்கள் வேலைநிறுத்தம், ஒரு தடவை காரணமே தெரியவில்லை. பன்னீர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். தான் சாட்சி சொன்ன நாளன்று, சுருள் எப்படி விழுந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அதை எதனால் கட்டியிருந்தார்கள் என்பதையும் கேட்காமலே சொன்னாராம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று அவரை அதட்டினார்களாம். காலைக் கொடுத்தவர் எதைச் சொல்ல வேண்டும் என்று கால் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

இனி கேக் வெட்டிய வாரத்துக்கு வருகிறேன். கேக் வெட்டிய மறுநாள், மதிய உணவு நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. ஏழுமலை. நான் ஊரிலிருந்து திரும்பிய பிறகு என்னிடம் பேசாதவன். இப்போது தயாளனுக்காக வாதாடும் அந்தக் கொரட்டூர் வழக்கறிஞர் போட்ட மனுவின்பேரில் அவனைச் சாட்சியாக வரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து தாள் வந்திருந்தது.

குரலில் பழைய வேடிக்கை இல்லை. சாப்பிட்டாயா, பாப்பா நல்லா கீதா என்று சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். போனில் பேசியதைக் கேட்டால் என்ன சொல்வது, உண்மையைச் சொன்னால் தன்னையும் வழக்கில் சேர்த்துவிடுவார்களா என்று கேட்டான். சேர்க்கலாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. முதலாளி என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"'நாங்க இன்னாப்பா பண்றது, போன்ல பேசுனது நீதான'ன்றாருக்கா."

அந்த 'நாங்க' இப்போது அவனையும் வெளியே நிறுத்திவிட்டது. ஒரு கண்ணியை அறுத்து எறிந்தவர்கள் அடுத்த கண்ணிக்கு வந்துவிட்டார்கள். ஏழுமலைக்கு இரண்டு பெண் குழந்தைகள். தயாளனை ட்ரெய்லரில் ஏற்றிவிட்டவன். ஒரு வருடமாக அவன்மேல் நான் வளர்த்த கோபம் இடம் தெரியாமல் தடுமாறியது. எதிரே கண்ணாடிக்கு அப்பால் டேரன் தன் லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததை நடந்தபடி சொல்லு, ஏழுமலை" என்றேன். "பயப்படாதே. மத்தத பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. மறுமுனையில் எஸ்டேட்டின் லாரி ஹாரன்களுக்கு நடுவே ஏழுமலை கேட்டான்.

"யாரு, அக்கா?"